சுண்டெலி ஐஎல்-10 போட்டும் டிஎன்எஃப் குறையாதது பற்றி

மனித மோனோசைட்டில் (ஒரு வகை வெள்ளை இரத்த அணு) எல்பிஎஸ்ஸோடு (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியப் பொருள்) ஐஎல்-10 (அழற்சியை அடக்கும் புரதம்) சேர்த்தும் டிஎன்எஃப்-ஆல்ஃபா (அழற்சியை ஏற்றும் புரதம்) இறங்கவில்லை, புரதம் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். குப்பியில் 'சுண்டெலி' என்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். மனித ஐஎல்-10 சுண்டெலி செல்லிலும் வேலை செய்யும். சுண்டெலியுடையது மனித செல்லில் வேலை செய்யாது. அளவை எவ்வளவு கூட்டினாலும் வீண்தான்.

சரி, மனிதப் புரதம் வந்ததும் கரைப்பதில் கவனம் தேவை. இரண்டு சங்கிலிகள் கோவேலன்ட் பிணைப்பு இல்லாமல் பின்னிக்கொண்ட மூலக்கூறு இது. அமிலத்தில் பிரிந்து செயலிழந்துவிடும். அதனால் நிறுவனத்தின் தாள் வேறு ஏதும் சொல்லாவிட்டால் நடுநிலை பஃபர்தான், கூடவே 0.1% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்). இல்லையென்றால் நீர்த்த புரதம் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சிறு பங்குகளாக உறைய வையுங்கள்.

அப்புறம் நேரம். எல்பிஎஸ்ஸுக்கு முன்போ கூடவோ சேருங்கள். சில மணி நேரம் கழித்துப் போட்டால் டிஎன்எஃப் ஏற்கெனவே வெளியே வந்திருக்கும்.

புரதம் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு டிஎன்எஃப் எலைசாவை (புரத அளவைக் காட்டும் சோதனை) நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஐஎல்-10 சேர்த்த 15–30 நிமிடத்தில் செல்லை உடைத்து பாஸ்போ-ஸ்டாட்3 வெஸ்டர்ன் பாருங்கள் (ஐஎல்-10 வேலை செய்தால் செல்லுக்குள் பாஸ்பேட் ஏறும் ஸ்டாட்3 புரதத்தைக் காட்டும் சோதனை). ஐஎல்-10 மட்டும் போட்ட கிணறு ஒன்றும் வையுங்கள். அதில் டிஎன்எஃப் ஏறினால் எண்டோடாக்சின் (அதாவது எல்பிஎஸ்) கலப்பைச் சந்தேகிக்கலாம்.