செம்பனை ஆலையும் சுற்றுச்சூழல் படிப்பும்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த மகள் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க விரும்புவதாகவும், "கம்பெனிகள் மரம் நட்டுப் படம் பிடிப்பதோடு சரி, இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று வீட்டில் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கேள்வி நியாயமானதே. எனினும், பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் என்பது முதலில் உரிமம் சார்ந்த விஷயம்.

சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. ஆலைகளுக்கான விதிகள் 1977இல் வந்தன. சுத்திகரிக்காத ஆலைக் கழிவுநீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கான வரம்போ 1978இல் 5,000 ஆக இருந்து, படிப்படியாக இறக்கப்பட்டு, 1984இல் 100 ஆனது. வரம்பை மீறினால் அபராதம் மட்டுமன்றி உரிமத்துக்கே ஆபத்து என்பதால், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் குளங்களைப் பராமரித்து, மாதிரி எடுத்து, சுற்றுச்சூழல் துறைக்குக் கணக்குக் காட்டும் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆளை, எண்ணெய் விலை சரிந்த ஆண்டிலும் நிர்வாகம் எளிதில் நீக்காது. அக்குளங்களிலிருந்து எழும் மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளில் இவ்வேலை இன்னும் விரிகிறது.

மற்றொரு வகை வேலை, வாங்குவோருக்கும் முதலீட்டாளருக்கும் பதில் சொல்வது. செம்பனை எண்ணெய் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் உற்பத்தியாவதற்காக 2004இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ என்ற பன்னாட்டு அமைப்பின் சான்றிதழை வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அதே நோக்கமுள்ள மலேசியாவின் சொந்தச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 முதல் கட்டாயம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் நிலைத்தன்மை பற்றியும் எழுத வேண்டும். தோட்டத்துக்குள் நடந்து பதிவேடுகளைச் சரிபார்க்கும் தணிக்கைப் பணி இதில் நல்ல பணி. கழிவுநீர்க் குளத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் தலைமையகத்தில் அறிக்கையை மட்டும் அழகாக அச்சிடும் பதவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவைக் குறைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவது பெரும்பாலும் அதுதான். நேர்முகத் தேர்வில் உங்கள் மகள், "நான் ஆலை மேலாளரிடம் கணக்குக் கொடுப்பேனா, விளம்பரப் பிரிவிடமா?" என்று கேட்டாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டப்படிப்பு வழங்குகிறது. எங்கு படித்தாலும் வேதியியலையும் நீர்ப் பகுப்பாய்வையும் விட்டுவிட வேண்டாம். தொழிற்பயிற்சிக்கு அலுவலகத்தைத் தேடாமல் ஆலைக்கே விண்ணப்பிக்கட்டும். அந்த வாடையைத் தாங்க முடியுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தேர்வு முடிவுத் தாளோடு அவரையும் அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தில் பாடங்களின் வரிசையைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.