கோடையில் பேஸ்மென்ட் யன்னலைத் திறக்காதீர்கள்

பேஸ்மென்டில், அதாவது வீட்டுக்கு அடியிலுள்ள நிலக்கீழ்த் தளத்தில், எப்போதும் ஒரு மக்கல் மணம் வருகிறது, சுவர் ஈரமாக இருக்கிறது, என்ன செய்தால் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரொறன்ரோவில் பட்டறிந்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்களுடையது ஸ்காபரோவில் 1960களில் கட்டப்பட்ட மாடியில்லாத வீடு. வாங்கிய முதல் கோடையிலேயே பேஸ்மென்ட் படியில் கால் வைத்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அதே மணம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். யன்னலைத் திறந்துவிட்டால் காற்றோட்டத்தில் எல்லாம் காய்ந்துவிடும். அம்மாவும் அதைத்தான் சொன்னார். மே முதல் செப்டம்பர் வரை பேஸ்மென்ட் யன்னல்களைத் திறந்தே வைத்தோம். பின்னேரத்தில் சாம்பிராணியும் போட்டோம். மணம் கூடியதே தவிரக் குறையவில்லை.

காரணம் விளங்க எனக்கு இரண்டு கோடைகள் பிடித்தன. ஊரில் வீட்டுச் சுவரும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். இங்கே பேஸ்மென்ட் சுவருக்குப் பின்னால் இருப்பது மண். ஜூலையிலும் சுவரின் அடிப்பகுதி 17, 18 பாகையில் குளிர்ந்து கிடக்கும். வெளியே 30 பாகை வெப்பமும் 60 வீத ஈரப்பதனும் இருந்தால், அந்தக் காற்று 21 பாகைக்குக் குளிரும்போதே தண்ணீராகப் படியத் தொடங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்ப்பது போலத்தான் சுவரும் வியர்க்கிறது. காயட்டும் என்று திறந்த யன்னல் வழியாக நாங்கள் நாள்தோறும் ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டிருந்தோம். ஒக்டோபரின் வறண்ட நாளில் தாராளமாகத் திறக்கலாம். புழுக்கமான கோடை நாளில் மூடி வையுங்கள்.

ஆனால் எல்லா ஈரமும் இப்படி வருவதில்லை. உங்கள் வீட்டு ஈரம் எந்த வகை என்று தெரியாமல் காசு செலவழிக்க வேண்டாம். ஒரு அடி சதுரத்துக்குச் சற்றுப் பெரிதாக அலுமினியத் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி சுவரில் ஒட்டுங்கள். தரையிலும் ஒன்று ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம். உரித்துப் பார்க்கும்போது பின்பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியாக வெளியிலிருந்து தண்ணீர் வருகிறது. சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அதே அர்த்தம்தான். தண்ணீர் சீமெந்துக்குள்ளால் வந்து, உப்பை விட்டுவிட்டு ஆவியாகியிருக்கிறது.

வெளியிலிருந்து வருகிறது என்றால் மழை பெய்யும்போது குடையோடு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. கூரைத் தண்ணீரை ஏந்தும் எங்கள் பீலியிலிருந்து இறங்கும் குழாய், சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. ரொறன்ரோவில் பீலிக் குழாயை நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்திருக்கக் கூடாது என்பது நகரச் சட்டம். முன்பு இருந்தவர்கள் அதற்காகக் குழாயை வெட்டிவிட்டு அப்படியே போய்விட்டார்கள் போலும். வெட்டிய இடத்தில் ஒரு நீட்டுக்குழாயைப் பூட்டி, தண்ணீரை ஆறு அடி தள்ளி விழச் செய்தேன். சுவரோரம் மண் தாழ்ந்து குழியாகக் கிடந்தது. அங்கே களிமண் கலந்த மண்ணைக் கொட்டி, அடிக்கு ஒரு அங்குலம் வீதம் வெளிப்பக்கம் சரியும்படி ஆக்கினேன். ஒரு சனிக்கிழமை வேலை, நூறு டொலருக்குள் முடிந்தது. வடக்குச் சுவரின் ஈரம் அந்த ஆண்டே பெரும்பாலும் நின்றுவிட்டது. சுவரைத் தோண்டி நீர்காப்புச் செய்ய ஒருவர் பல ஆயிரம் டொலர் கேட்டிருந்தார். சில வீடுகளுக்கு அது உண்மையாகவே தேவைப்படும். ஆனால் பீலியையும் மண்ணையும் சரிசெய்து, ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

தரையிலுள்ள வடிகால் துவாரத்தால் தண்ணீர் மேலே வருவது வேறு விஷயம். 2024 ஜூலை 16 அன்று பியர்சன் விமான நிலையத்தில் சுமார் 98 மில்லிமீற்றர் மழை கொட்டியதே, அப்படியான நாட்களில் நகரின் கழிவுநீர்க் குழாய் நிரம்பி வீடுகளுக்குள் திரும்பி ஏறும். அதைத் தடுக்க எதிர்நீர் அடைப்பு வால்வு பூட்ட வேண்டும். அதற்கு ரொறன்ரோ நகரசபை உதவித்தொகை தருகிறது, விண்ணப்பியுங்கள்.

வீட்டுக்குள்ளேயே ஈரத்தை உண்டாக்குகிறவர்களும் நாங்கள்தான். பேஸ்மென்டில் புட்டு அவிப்பதும் சோறு வடிப்பதும் குளிர்காலத்தில் உள்ளே கொடி கட்டி உடுப்புக் காயப்போடுவதும் எல்லாம் தண்ணீரைக் காற்றில் கலப்பவை. அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி உண்மையில் வெளியே ஊதுகிறதா, அல்லது அதே ஆவியை அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்தையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதன் பின்னால் போகும் வெள்ளிக் குழாய் கழன்று கிடந்தது. பின்சுவர் முழுவதும் சாம்பல் நிறப் பஞ்சு அப்பியிருந்தது, தொட்டால் பிழியாத துவாய் போல நனைந்திருந்தது. எத்தனை மாதமாக ஒவ்வொரு தோய்ச்சல் உடுப்பின் ஈரமும் அந்த மூலைக்குள் போயிருக்கிறது! அந்தப் பஞ்சு தீப்பிடிக்கவும் கூடியது.

இவற்றைப் பார்த்த பிறகுதான் ஈரம் இழுக்கும் இயந்திரம். கடையில் டீஹியூமிடிஃபயர் என்று கேளுங்கள். கூடவே 15, 20 டொலருக்கு ஓர் ஈரப்பதமானியும் வாங்குங்கள். எங்கள் பேஸ்மென்ட் முதல் நாள் 74 வீதம் காட்டியது. கோடையில் 50 வீதத்தை ஒட்டி வைத்திருங்கள், 60ஐத் தாண்ட விடாதீர்கள். இயந்திரத்தின் வாளியை நம்ப வேண்டாம். அது நிரம்பியதும் இயந்திரம் நின்றுவிடும், நீங்கள் கவனிப்பதற்குள் ஈரம் மீண்டும் ஏறிவிடும். ஒரு குழாயைப் பூட்டி, வடிகால் துவாரத்துக்குள் நேரே விட்டுவிடுங்கள்.

பூஞ்சணம் ஏற்கெனவே பிடித்திருந்தால் பிளீச் தேவையில்லை. கனடியச் சுகாதாரத் திணைக்களமும் அதைத்தான் சொல்கிறது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த தண்ணீர் போதும். N95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு துடைத்து, உடனே உலர வையுங்கள். ஜிப்சம் பலகை ஊறி உப்பியிருந்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டி எடுக்க வேண்டும். நனைந்த கம்பளமும் அப்படியே. ஒரு சதுர மீற்றருக்கு மேல் பரவியிருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தாலோ, தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மணம் மக்கலாக இல்லாமல் கழிவுநீர் நாற்றமாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். தரை வடிகாலின் அடியிலுள்ள வளைகுழாயில் நாற்றத்தை மறித்து நிற்கும் தண்ணீர் வற்றியிருக்கலாம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், பெரும்பாலும் அன்றைக்கே நின்றுவிடும்.

பொருட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு வலித்தது. கடதாசிப் பெட்டியை ஒருபோதும் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். தரையின் ஈரத்தை அது திரி போல உறிஞ்சும். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அம்மா சாவகச்சேரிக்கு நடந்தபோது மார்போடு அணைத்துக் கொண்டுபோன குடும்பப் படங்கள் அப்படி ஒரு பெட்டிக்குள் இருந்தன. வழியில் மழையிலும் நனையாமல் காப்பாற்றிய படங்கள், என் வீட்டுப் பேஸ்மென்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பதறிப்போய் ஒன்றைப் பிய்த்தேன். அப்பாவின் முகத்தில் பாதி மற்றப் படத்தின் முதுகோடு போய்விட்டது. பிறகுதான் முறையைக் கேட்டறிந்து, மிச்சத்தைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்தேன். அரை மணி நேரத்தில் சில தாமாகவே விலகின. 11 படங்களில் 7 தேறின. உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே மேல்மாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள். மற்றவற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, அடுக்குத் தட்டில் ஏற்றி, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள்.

நீங்கள் வாடகைக்கு இருப்பவர் என்றால் இவ்வளவையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. எங்கள் ஆட்களின் வீடு, எப்படிச் சொல்வது என்று பலர் தயங்கிப் பிள்ளைகளை இருமவிடுகிறார்கள். படம் எடுத்து, திகதி போட்டு, எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் ரொறன்ரோவில் நகரசபையின் 311 இலக்கத்தை அழைக்கலாம்.

அலுமினியத் தாளின் எந்தப் பக்கம் நனைந்தது, மணம் எந்த மாதத்தில் கூடுகிறது, இந்த இரண்டையும் கீழே எழுதுங்கள். பார்த்துவிட்டு மேலும் சொல்கிறேன்.