ஆர்கெஸ்ட்ரா இசைக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். குறும்படங்களுக்கும் எங்கள் சர்ச் கொயருக்கும் ஆர்கெஸ்ட்ரா இசை அமைக்கிறேன். இப்போதைய கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம், ஒரு ஹார்ட் டிஸ்க். வயலின், செல்லோ, பிராஸ் என்று சேர்க்கச் சேர்க்கத் திணறுகிறது. சேலம் ஐந்து ரோட்டில் ஒரு கடைக்காரர் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் கம்ப்யூட்டரைக் காட்டி ஒன்றேகால் லட்சம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கேமிங் கம்ப்யூட்டரில் பணத்தின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. இசை மென்பொருள்கள் அதை அநேகமாகத் தொடுவதே இல்லை. பிராசசரோடு வரும் கிராபிக்ஸே இரண்டு மானிட்டருக்குப் போதும். இன்டெல் என்றால் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இல்லாததாகப் பார்த்துக் கேளுங்கள். எஃப் மாடல்களில் அந்த வசதி கிடையாது.

மிச்சமாகும் பணம் முதலில் ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போகட்டும். ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி, அதாவது வாத்திய ஒலிப்பதிவுத் தொகுப்பில், ஒரே சுரத்தை மென்மையாக, பலமாக, லெகாட்டோவாக (இழைத்து), ஸ்டக்காட்டோவாக (வெட்டி வெட்டி), பிசிக்காட்டோவாக (தந்தியை விரலால் மீட்டி) கலைஞர்கள் தனித்தனியே வாசித்துப் பதிந்திருப்பார்கள். கான்டாக்ட் போன்ற சாம்ப்ளர் (அந்தப் பதிவுகளை வாசிக்கும் மென்பொருள்) ஒவ்வொரு பதிவின் தொடக்கத் துண்டை மட்டும் ராமில் ஏற்றி வைத்திருக்கும். நீங்கள் கீயை அழுத்தியதும் அந்தத் துண்டு ஒலிக்கும். அது முடிவதற்குள் மீதியை டிஸ்க்கிலிருந்து எடுத்தாக வேண்டும். முப்பது ட்ராக் ஒன்றாக வாசிக்கும்போது ஹார்ட் டிஸ்க்கால் அத்தனை இடத்துக்கும் தாவ முடியாது. உங்களுடைய திணறலில் பாதி இதனால்தான் என்பது என் கணிப்பு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து உங்கள் கனமான பாட்டை ஓட்டிப் பாருங்கள்: மெமரி நிரம்புகிறதா, டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ராம் 64 ஜிபி, இரண்டு 32 ஜிபியாக. நாலு ஸ்லாட் உள்ள மதர்போர்டு வாங்கினால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். நாலும் நிரம்பினால் ராம் வேகம் சற்றுக் குறையலாம்; நமக்கு வேகத்தைவிட இடம்தான் முக்கியம். லைப்ரரிகளுக்கென்று தனியாக 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சாதாரண எஸ்எஸ்டியைவிட வேகமான வகை). ஸ்பிட்ஃபயர் நிறுவன லைப்ரரியான பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா முழுப் பதிப்பு ஒன்றே சுமார் 600 ஜிபி பிடிக்கும். விண்டோஸுக்கு வேறொரு சின்ன எஸ்எஸ்டி. ஐந்தாம் தலைமுறை என்ற அதிவேக எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம், காதுக்கு வித்தியாசம் தெரியாது.

பிராசசரில் கோர்களின் (உள்ளே தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். ஒரு ட்ராக்கும் அதன் எஃபெக்ட்களும் வரிசையாக ஒரே கோரில்தான் ஓடும். எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டர் ட்ராக்கும் அப்படியே. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித் துண்டின் அளவு) 256 என்றால், கணக்கை முடிக்க 5.3 மில்லிசெகண்ட்தான் கிடைக்கிறது. அதற்குள் முடியாவிட்டால் 'டப் டப்' என்று வெடிக்கும். மிக்ஸிங்கின்போது பஃபரை 1024க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ராம் விலை ஏறி இறங்கக்கூடியது. பட்ஜெட் இடித்தால் பிராசசரில் ஒரு படி இறங்குங்கள், ராமில் இறங்காதீர்கள்.

மேக் மினி எம்4 அமைதியானது, நல்ல மெஷின். ஆனால் அதில் 32 ஜிபிக்கு மேல் கிடையாது, பின்னால் கூட்டவும் முடியாது. 64 வேண்டுமென்றால் எம்4 புரோவுக்குப் போக வேண்டும், அது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும்.

ஏற்காட்டின் குளிர் உங்களுக்குச் சாதகம். சேலத்துச் சித்திரை வெயிலில் அலறுகிற ஃபேன் உங்கள் அறையில் மெதுவாகவே சுற்றும். மைக் வைத்துக் கொயரைப் பதிவு செய்கிறவருக்கு இது பெரிய விஷயம். இடிதான் கவலை. ஒயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்; எர்த் கோளாறு ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சலாகவும் வரும். யுபிஎஸ் வாங்கும்போது பியூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட்டைப் போல வழவழப்பான அலை) என்று கேட்டு வாங்குங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) சிலது மலிவான யுபிஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல், கரண்ட் போன நொடியில் அணைந்துவிடும்.

இன்னொன்று, ராமில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் மெமரி டெஸ்ட்டைக் கடையிலேயே ஒரு சுற்று முழுதாக ஓட்டச் சொல்லுங்கள். அப்புறம், கேபினெட்டை நிறுத்தி வைத்துக் காரில் ஏற்றாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் பிராசசர் மேலிருக்கும் கனமான கூலர் மதர்போர்டை இழுக்கும். மதர்போர்டு இருக்கும் பக்கம் கீழே வரும்படி படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.