அண்ணன் என்னை பிளாக் செய்துவிட்டார். பழி என் மேலா?

கேள்வி: நான் கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் வந்து ஆறு வருடமாகிறது. அண்ணன் குடும்பம் வரவில்லை. தினமும் காலையில் அவருக்கும் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு பைபிள் வசனம் அனுப்புவேன். போன மாதம் மனந்திரும்புதலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுதினேன். அண்ணன் பிளாக் செய்துவிட்டார். இப்போது அவருக்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். எச்சரிக்காமல் விட்டால் இரத்தப்பழி நம் கையில் கேட்கப்படும் என்று பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 33ஆம் அதிகாரத்தை வைத்துப் போதகர் பிரசங்கித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? அவருடைய பிள்ளைகளையாவது ஞாயிறு பள்ளிக்கு அழைத்துப்போகட்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த வசனம் கடுமையானதுதான், அதை மழுப்ப வேண்டாம். ஆனால் முழுவதும் படியுங்கள். பட்டயம் (எதிரியின் வாள்) வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடம்தான் பழி கேட்கப்படுகிறது (33:6). ஊதியும் ஒருவன் கேளாமல் போனால் பழி அவன் தலைமேல். ஊதினவன் தன் ஆத்துமாவைத் தப்புவித்தான் (33:4, 9). அண்ணன் இன்னும் மனந்திரும்பவில்லை என்பது உங்கள் கணக்கில் எழுதப்படும் கடன் அல்ல. அவருக்கு ஒருமுறையாவது விஷயம் முழுவதையும் விளங்கச் சொல்லியிருக்கிறீர்களா என்பதே கேள்வி. ஆறு வருடமாக வசனம் போயிருக்கிறது. ஆனால் இயேசு யார், ஏன் மரித்தார், உங்களுக்கு என்ன செய்தார் என்று நேரில் உட்கார்ந்து பேசியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. விடிந்தால் அடையும்வரை எக்காளம் ஊதிக்கொண்டே இருக்கும் ஊரில் யாரும் மதிலைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தக் காவலாளர் பொறுப்பு முதலில் வருவது 3ஆம் அதிகாரத்தில். அதைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டு, கேபார் நதியண்டையில் இருந்தவர்களிடம் எசேக்கியேல் போகிறார். அவர்கள் குடியிருக்கிற இடத்தில் ஏழு நாள் பிரமித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் (3:15). ஏழு நாள் முடிந்த பிறகே, 'உன்னைக் காவலாளனாக வைத்தேன்' என்ற வார்த்தை வருகிறது. அதே அதிகாரத்தின் முடிவில் தேவனே அவருடைய நாவை மேல்வாயோடு ஒட்டிக்கொள்ளச் செய்கிறார். தாம் பேசும்போது மட்டும் வாயைத் திறப்பேன் என்கிறார் (3:26-27). காவலாளனுக்கும் வாய் மூடியிருக்கும் நாட்கள் உண்டு.

'அப்போஸ்தலன் பவுல் இரவும் பகலும் கண்ணீரோடே புத்தி சொன்னாரே' என்று சபையில் யாராவது கேட்கலாம். அந்த மூன்று வருட நினைவூட்டல் (அப்போஸ்தலர் நடபடிகள், அதாவது அப். 20:31) எபேசு சபையின் மூப்பர்களுக்குச் சொன்னது. அதே ஊர் ஜெப ஆலயத்தில் மூன்று மாதம் பேசினார். சிலர் கடினப்பட்டுத் தூஷித்தபோது அவர்களை விட்டு விலகி, திறன்னு என்பவனுடைய வித்தியாசாலைக்கு (பள்ளிக்கூடத்துக்கு) மாறிவிட்டார் (19:8-9). விரும்பாதவர்களை அவர் துரத்திக்கொண்டு போகவில்லை.

இனி அண்ணன் விஷயம். முதல் வேலை மன்னிப்பு. அண்ணியிடம் போனில் சொல்லி அனுப்புங்கள். நேரில் முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டு வாக்கியம் போதும்: 'அண்ணா, உங்களைக் கேட்காமலே தினமும் அனுப்பிக்கொண்டிருந்தது தப்பு. அன்றைக்கு எழுதியதும் உங்களைப் புண்படுத்தியிருக்கும், மன்னித்துவிடுங்கள்.' இதன் வாலில் ஒரு வசனத்தையோ 'இருந்தாலும்' என்ற சொல்லையோ கட்டாதீர்கள். கட்டினால் மன்னிப்பும் ஒரு உத்தி என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாட்களில் உங்கள் ஊழியம் மருத்துவமனை வேலைதான்: யார் இரவு தங்குவது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு, காப்பீட்டுத் தாள்கள், ரத்தம் கொடுக்க ஆள். இதைச் சுவிசேஷத்துக்குத் தூண்டிலாக நினைக்காதீர்கள். அண்ணன் என்பதற்காகச் செய்யுங்கள்.

அந்த நாட்களில் அவருக்குச் சொல்லவே கூடாதா? சொல்லலாம், ஒரே ஒரு முறை, கேட்டுவிட்டு. 'அண்ணா, நான் நம்புவதை உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. மூன்று நிமிடம் சொல்லட்டுமா? வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.' வேண்டாம் என்றால் உண்மையிலேயே விட்டுவிடுங்கள். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றினால்தான் பின்னால் அவராக எப்போதாவது கேட்பார்.

சரி என்றால் பேச வேண்டியதை முன்பே எழுதிப் பழகியிருக்க வேண்டும். அகிரிப்பா ராஜாவுக்கு முன் பவுல் பேசியது (அப். 26) நல்ல அச்சு: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, அதன் பின் என்ன. எழுதி, வாய்விட்டுப் படித்து, கடிகாரம் பாருங்கள். பெரும்பாலும் முதல் பகுதி வீங்கிவிடும், பாவக்கதை சொல்வது சுலபம் என்பதால். நடுப்பகுதியில் 1 கொரிந்தியர் 15:3-4இல் உள்ளது கட்டாயம் வர வேண்டும்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். அது இல்லாவிட்டால் நீங்கள் சொல்வது மனநிம்மதி கிடைத்த கதையாகத்தான் இருக்கும். 'இரட்சிக்கப்பட்டேன்', 'அபிஷேகம்', 'கழுவப்பட்டேன்' போன்ற சபைச் சொற்களை அடித்துவிட்டு வீட்டுப் பேச்சில் எழுதுங்கள்.

நியாயத்தீர்ப்பைச் சொல்லலாமா என்றால், சொல்லத்தான் வேண்டும். பவுலும் அத்தேனேயில் (ஏதென்ஸ் நகரில்) அதை மறைக்கவில்லை (அப். 17:31). ஆனால் அங்கே தேவன் யார் என்று சொல்லி முடித்த பிறகே அது வருகிறது. முதல் வாக்கியமே நரகம் என்றால் அண்ணன் காதில் விழுவது உங்கள் கோபம் மட்டும். அவருடைய நோயைத் தண்டனை என்றோ, விசுவாசித்தால் குணமாகும் என்றோ சொல்லிவிடாதீர்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு இயேசுவே அந்த எண்ணத்தை மறுத்தார் (லூக். 13:4-5). குணமாவதை ஆசைகாட்டிச் சேர்த்தால், சிகிச்சை சரியாக அமையாத நாளில் நீங்கள் சொன்ன எல்லாமே பொய்யாகிவிடும்.

பேசி முடித்ததும் அவர் பதில் சொன்னால் குறுக்கே பேசாதீர்கள். காரியத்தைக் கேட்குமுன் உத்தரவு சொல்வது புத்தியீனம் என்கிறது நீதிமொழிகள் 18:13. அவருடைய மறுப்பு தத்துவமாகவே இருக்காது. குடும்ப விசேஷங்களுக்கு ஆறு வருடமாக நீங்கள் முகம் கொடுக்காமல் இருந்ததாகக்கூட இருக்கலாம். ஜெபிக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு ஜெபியுங்கள், ஒரு நிமிடத்துக்குள், மருத்துவருக்காகவும் அண்ணிக்காகவும் சேர்த்து. ஜெபத்துக்குள் பிரசங்கம் வைக்க வேண்டாம். கண்ணை மூடியிருப்பவரால் மறுத்துப் பேச முடியாது. விருப்பம் காட்டினால் மாற்கு சுவிசேஷம் மட்டும் கொடுங்கள், 16 அதிகாரம்தான். கட்டுக்கட்டாகத் துண்டுப்பிரதி வேண்டாம்.

பிள்ளைகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எங்கும் அழைத்துப்போகக் கூடாது. அண்ணனும் அண்ணியும் தெரிந்தே சம்மதித்தால் தாராளமாக அழைத்துப்போங்கள்; ஆனால் அவர் படுக்கையில் இருக்கும்போது அந்தச் சம்மதத்தைக் கேட்காதீர்கள்.

ஆபீஸ் குழுவுக்கு அனுப்புவதை நாளையே நிறுத்துங்கள். அது வேலைக்கான குழு. அங்கே யாராவது உங்களுக்குக் கீழ் வேலை செய்பவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை: தன் விடுப்பில் கையெழுத்துப் போடுகிறவரிடம் எவரும் 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார். அப்படிப்பட்டவர்களிடம் நீங்களாகப் பேச்சைத் தொடங்காதீர்கள். அவர்கள் கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்கிறபடி சாந்தத்தோடும் வணக்கத்தோடும், வேலை நேரம் முடிந்த பிறகு பதில் சொல்லுங்கள்.