ஏரிச் சேற்றில் காந்தத் தடம்

கேள்வி: பாரூர் ஏரி வண்டலை எடுத்துச் சோதித்தால், பூமியின் காந்தப்புலம் முன்பு எப்படி இருந்தது என்று தெரியுமா?
– கல்லூரி மாணவி, போச்சம்பள்ளி

பதில்: முறை சரி, ஏரிதான் சந்தேகம். சேறு படியும்போது மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் துகள்கள் அப்போதைய காந்தப்புலத்தின் திசைக்குத் திரும்பி, மேலே பாரம் ஏறியதும் அப்படியே இறுகிவிடும். கோடையில் வற்றி வெடித்து, மாடு மிதித்து, தூர்வாரிய ஏரியில் இந்த அடுக்கு குலைந்திருக்கும். காற்றுப் பட்டால் மேக்னடைட்டும் மாறும். ஆண்டு முழுக்க நீர் நிற்கும் ஆழமான பகுதியாகப் பாருங்கள்.

பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக இறக்குங்கள். இதில் அலட்சியம் கூடாது: நம் 12 டிகிரி அட்சரேகையில் காந்தப்புலம் கிடைமட்டத்திலிருந்து கீழ்நோக்கிச் சாயும் கோணமே நீண்டகாலச் சராசரியில் ஏறத்தாழ 23 டிகிரிதான்; குழாய் 5 டிகிரி சாய்ந்தால் கணக்கு கெட்டது. இறக்கும் முன்பே குழாயின் வெளிப்புறம் நெடுக ஒரே கோடு போடுங்கள். நடுவில் குழாய் முறுகினால் புலத்தின் கிழக்கு மேற்கு விலகலை நம்ப முடியாது.

குழாயை நெடுக்காகப் பிளந்து, ஓரச் சேற்றை ஒதுக்கிவிட்டு, 2 செ.மீ. பிளாஸ்டிக் டப்பிகளை நடுவில் அழுத்தி எடுங்கள். இரும்புக் கத்தி வேண்டாம். டப்பிகளை ஈரம் காயாமல் குளிரில் வையுங்கள். ஆய்வகத்தில் மாறுதிசைக் காந்தப்புலத்தை 5, 10, 20 மில்லிடெஸ்லா (புல வலிமையின் அலகு) எனக் கூட்டி, பின்னாளில் ஒட்டிய காந்தத்தை நீக்கி அளப்பார்கள். அடுக்கின் வயதுக்கு, அதிலுள்ள இலை, விதைகளில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைப் பாருங்கள். கறுத்து நாறும் சேற்றில் மேக்னடைட் கரைந்திருக்கக்கூடும். அங்கே புலத்தின் வலிமையைக் கணிக்கவே கூடாது.