டிரங்குப் பெட்டியில் இருக்கும் நாவல்கள்

அன்புள்ள எழுத்தாளர் அவர்களுக்கு,

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டை இடித்துக் கட்டுவதால் பரணில் இருந்த இரண்டு டிரங்குப் பெட்டிகளை இறக்கினோம். ஒன்றில், அம்மா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த ‘பொன்னியின் செல்வன்’. ஓரத்தில் பால் கணக்குகூட எழுதியிருக்கிறார். இன்னொன்று முழுக்க நான் வாங்கிய மாத நாவல்கள். ரமணிசந்திரன், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் என்று எல்லாம் இருக்கிறது. “இந்தக் குப்பையை எடைக்குப் போடும்மா, இத்தனை வருஷத்துல நல்ல புத்தகமா படிச்சிருக்கலாம்” என்கிறான் மகன். இந்த மாதிரி நாவல்கள் இலக்கியத்துக்கு ஏறிப்போக முதல் படி என்று நீங்களும் ஒரு கூட்டத்தில் பேசினீர்களாம். நான் முதல் படியிலேயே நாற்பது வருஷம் உட்கார்ந்துவிட்டேனா? ஒன்று மட்டும் சொல்வேன். சோழர் வரலாறு எனக்கு அத்துபடி. அதற்குக் காரணம் அம்மாவின் பைண்டு புத்தகம்தான்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் அந்தப் பெட்டிகளை யாரும் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கூட்டத்தில் நான் அப்படிப் பேசியது உண்மைதான். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படி என்று சொல்லிவிட்டால், ஏறியவருக்கு அது இனி தேவையில்லை, ஏறாதவர் ஏமாளி என்று ஆகிவிடுகிறது. இரண்டும் சரியில்லை. எங்கள் வீட்டிலேயே அதற்குச் சாட்சி உண்டு.

நான் நீடாமங்கலத்துக்காரன். எங்கள் ஊர் ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட் போட்டால் இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். என் சித்தி மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். விடியற்காலையில் எழுந்து ஆக்கி வைத்துவிட்டுப் போனால், ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து பாத்திரம் தேய்ப்பாள். கடையில் உட்காரக் கூடாது. பஸ் கேட்டில் நின்றதும் டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து நாவலை உருவுவாள். சில நாள் நானும் கூடப் போவேன். ஜன்னல் ஓரம் வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்கள் கத்துவார்கள், டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார், சித்தி நிமிர மாட்டாள். கேட் திறந்து பஸ் உறுமும்போது, படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி மூடுவாள். அவள் செத்துப்போன பிறகு அந்தப் புத்தகங்களைப் பிரித்தால் டிக்கெட்டாக உதிர்ந்தது. நாள் முழுக்க அவளுக்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம்தான். அதை அவளுக்குக் கொடுத்தது மாத நாவல். அதை எந்த வாயால் நான் குப்பை என்று சொல்வது?

அப்புறம், இதை எழுதுவது சுலபம் என்று உங்கள் மகன் நினைக்கக்கூடும். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு துப்பறியும் நாவல் எழுத உட்கார்ந்தேன். ஆறு பாரம், அதாவது 96 பக்கம். கதை எல்லாம் தயார். ராத்திரி வயலில் ஒரு கொலை. சந்தேகப்படும் ஆள், “நான் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன்” என்கிறான். அன்றைக்கு அந்த நேரத்தில் மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரமே வரவில்லை. அதை வைத்துத்தான் அவன் மாட்ட வேண்டும். நம் பக்கத்தில் எந்த விவசாயிக்கும் இது உடனே புரியும். சிக்கல் அங்கேதான் வந்தது. கரண்ட் வராத விஷயத்தை வாசகர் முன்னால் முதலிலேயே வைத்தாக வேண்டும். வைக்காமல் கடைசியில் சொன்னால் மோசடி. வைத்தாலோ பத்தாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். டீக்கடைச் சண்டையில் யாரோ மின்வாரியத்தைத் திட்டுவதுபோல ஒளித்துப் பார்த்தேன். அந்தத் துப்பு எழுந்து நின்று கையாட்டியது. கல்யாண வீட்டில் பெண்கள் பேச்சாக மாற்றினேன், அதுவும் ஒட்டவில்லை. நாற்பதாம் பக்கத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். மாதா மாதம் இதைச் செய்துகொண்டிருந்தவர்கள் மேல் எனக்கு உண்டான மரியாதை இன்றுவரை குறையவில்லை.

துப்பறியும் கதை நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில், பறவைகள் வந்து இறங்கும் அந்த ஏரிக்குப் பக்கத்து ஊரில் 1880-ல் பிறந்தவர்தான் வடுவூர் துரைசாமி ஐயங்கார். அவர் படைத்த துப்பறிவாளர் திகம்பர சாமியார் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பழக்கம். ‘கும்பகோணம் வக்கீல்’ என்ற அவருடைய நாவல்தான் 1950-ல் எம்.என். நம்பியார் நடித்துத் திரைப்படமாக வந்தது. அந்தப் பழைய நாவல்களில் கதை நடுவில் நின்று நீளமாக உபதேசம் வரும், இன்றைக்குப் படிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் கும்பகோணம், மன்னார்குடித் தெருக்களில் கூடச் சூதும் மர்மமும் நடக்கலாம் என்று தமிழ் வாசகரை நம்பவைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

காதல் கதைகளைப் பற்றி உங்கள் மகன் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. முடிவு முதல் பக்கத்திலேயே தெரிகிறதே, அப்புறம் எதற்குப் படிப்பது என்பார். அவரை ஒரு கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகத்துக்குக் கூட்டிப்போங்கள். வள்ளி கடைசியில் முருகனைத்தான் கட்டப்போகிறாள் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் விடியவிடிய பாயைப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். தினைப்புனத்தில் அவள் அவனை எப்படி மடக்கிப் பேசுகிறாள், அவன் எப்படித் திணறுகிறான் என்று கேட்கத்தானே? காதல் நாவல் வாசிப்பவரும் அதற்குத்தான் உட்கார்கிறார். ஆனால் எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. கன்னத்தில் அறைகிற கதாநாயகனை, ‘உள்ளுக்குள்ளே பாசம்’ என்று சொல்லி மன்னித்துவிடுகிற கதைகள் உங்கள் பெட்டியிலும் சில இருக்கும். அவற்றைப் படித்து வளர்ந்த பெண்கள் நிஜத்தில் வாங்கிய அறைகளையும் பாசம் என்று எடுத்துக்கொண்டிருந்தால், அதில் அந்தக் கதைகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இப்போது சோழர் வரலாற்றுக்கு வருகிறேன். இங்கே உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை அக்கா.

கல்கி புத்தமங்கலத்துக்காரர், மயிலாடுதுறைப் பக்கம். வீராணம் ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களை, அதாவது மதகுகளை, பற்றிக் கேட்டு வியந்துகொண்டு ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அந்தத் தொடக்கத்தை, இந்த ஆற்றங்கரைகளில் நடந்தவர்தான் எழுத முடியும். 1950-ல் தொடங்கி மூன்றரை வருஷம் வாராவாரம் வந்தது. உங்கள் அம்மா அத்தனை வாரமும் ஒன்று விடாமல் எடுத்து வைத்திருக்கிறார் என்றால், அதுவே பெரிய காரியம். ஆனால் அதில் எது கல்லில் இருக்கிறது, எது கல்கியின் கையில் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் ரசனை இரட்டிப்பாகும்.

வரலாற்றில் நந்தினி கிடையாது. கொடிக்கரையில் படகு விடுகிற பூங்குழலி கிடையாது. வந்தியத்தேவன் உண்டு, ஆனால் எவ்வளவு உண்டு தெரியுமா? தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவையைச் சொல்லும்போது வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று வருகிறது. மனைவியை அடையாளம் சொல்ல வந்த ஒரு பெயர். அதிலிருந்து, நாம் கூடவே சிரித்துப் பசித்து மாட்டிக்கொண்டு தப்பிக்கிற ஒரு பிள்ளையைக் கல்கி உண்டாக்கினார். நாகப்பட்டினத்துப் புத்த மடமான சூடாமணி விகாரத்தில் காய்ச்சலோடு பொன்னியின் செல்வன் படுத்திருப்பான் இல்லையா? அந்த விகாரத்துக்கு ஊர் கொடுத்ததைச் சொல்லும் ஆனைமங்கலம் செப்பேட்டைப் பார்த்தால், அந்த விகாரம் எழும்பியது அவன் ராஜராஜனாக முடிசூடிய பிறகு.

எல்லாவற்றையும்விட, ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் அந்தக் கல்வெட்டை நான் ஒருமுறை தேடிப் போய்ப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல். விரலால் தடவித் தடவித்தான் எழுத்து பிடிபட்டது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி ரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் உடன்பிறந்தவர்கள், உறவுக்காரர்கள் எல்லோருடைய நிலத்தையும் எடுத்துக்கொண்ட கணக்கு. உணர்ச்சியே இல்லாத நில விவகாரம், நம் பத்திரம் மாதிரி. ஏன் கொன்றார்கள் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. வரலாற்று ஆய்வாளர்கள் அதை வைத்து இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கல்கியும் கடைசிவரை கொன்றது யார் என்று அறுதியிட்டுச் சொல்லாமல் இருட்டிலேயே விட்டார். அந்த இடத்தில் அவருடைய நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் சோழன் எங்கள் சாதி என்று ஆளாளுக்குப் பேனர் வைக்கிறார்கள். பலரும் ஆதாரமாக நீட்டுவது நாவலையும் சினிமாவையும்தான். நாவலை நாவலாக நேசிக்கிறவர்கள் அதற்குத் துணைபோகக் கூடாது.

மகனோடு சண்டை போடாதீர்கள். காட்டுமன்னார்கோயிலுக்கு அவரையும் கூட்டிப்போய் அந்தக் கல்லைக் காட்டுங்கள். திரும்பி வந்து ரவிதாசன் சதிசெய்யும் அத்தியாயத்தை அம்மாவின் பைண்டிலிருந்து வாசித்துக் காட்டுங்கள். வாசித்தபின் குப்பை என்கிறாரா பார்ப்போம்.

அடுத்து என்ன படிக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. பெட்டியில் பூச்சி அரிக்காமல் இருக்க, புத்தகங்களை நிழலில் உலர்த்தி, துணியில் முடிந்த வசம்பு இரண்டு மூன்று இடத்தில் போட்டு வையுங்கள். பைண்டை மறுபடி தைக்கக் கொடுத்தால் ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், பால் கணக்கு போய்விடும். அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? எந்த அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது பால்காரர் வந்தார் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி