பொக்ஸ் வேறு, பக்கேஜ் வேறு: பழைய வாடிக்கையாளர் எச்.டி.க்கு மாறலாமா?

கேள்வி:

நாங்கள் திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கிறோம். ஒன்பது வருடமாக ஒரே கம்பனியின் டிஷ் இணைப்புத்தான். முற்கொடுப்பனவு, மாதம் 1,299 ரூபாய் பக்கேஜ். போன வருடக் கடைசியில் இவர் 43 அங்குல ரீவி ஒன்று வாங்கி வந்தார். அன்றிலிருந்து மூத்தவன் ஒரே பிடிவாதம். நிலத்தில் பாயைப் போட்டு ரீவிக்கு முன்னால் இருந்து கிரிக்கெட் பார்ப்பான், “படம் கலங்கலாக் கிடக்கு, எச்.டி. எடுங்கோ” என்பான். பின்சுவரோடு சாய்மனைக் கதிரையில் இருந்து நாடகம் பார்க்கிற மாமியோ, “எனக்கு வடிவாத்தானே தெரியுது, என்னத்துக்கு வீண் செலவு” என்கிறா.

இப்போது கம்பனியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பழைய வாடிக்கையாளர் என்பதால் எச்.டி. பொக்ஸ் 7,500 ரூபாய்க்குத் தருவார்களாம். கையில் இல்லாவிட்டால் மாதம் 750 படி 12 மாதம் கட்டலாமாம். பக்கேஜ் 2,199 ஆகும். இரண்டு பக்கேஜுக்கும் வரி தனி. நான் வீட்டில் தையல் தைக்கிறேன், இவர் சாரதி. என் காப்புச் சோடி 65,000 ரூபாய்க்கு வங்கியில் அடகில் இருக்கிறது, மாத வட்டி நூற்றுக்கு ஒன்றரை. மாறலாமா? இந்திய டிஷ் மாட்டினால் மலிவு என்றும் மகன் சொல்கிறான்.

பெயர் வேண்டாம், திருகோணமலை.

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் காசுக் கணக்கை விட எனக்குப் பிடித்தது பாயும் சாய்மனைக் கதிரையும்தான். மகன் சொல்வதும் சரி, மாமி சொல்வதும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு தூரத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சாதாரண அலைவரிசையின் படத்தில் மேலிருந்து கீழாக 576 வரிகள். முழு எச்.டி.யில் 1,080. புள்ளிக் கணக்கில் பார்த்தால் ஒன்றில் நாலு இலட்சத்துச் சொச்சம், மற்றதில் 20 இலட்சத்துக்கு மேல். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் நல்ல பார்வை உள்ள கண்ணும் ஓர் எல்லைக்கு அப்பால் இரண்டு வரிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியாது. 43 அங்குல ரீவியில் 576 வரிகளுக்கு அந்த எல்லை ஏறக்குறைய பத்தரை அடி. 32 அங்குலம் என்றால் எட்டடி, 55 என்றால் பதின்மூன்றரை. மாமியின் கதிரை ரீவியிலிருந்து 12 அடியில் இருக்குமென்றால், மாதம் 900 ரூபாய் கூடக் கட்டினாலும் அவவுக்குப் பெரிதாக ஒன்றும் கூடத் தெரியப் போவதில்லை. பாயில் இருப்பவனுக்கு ஐந்தடியில் எல்லாம் தெரியும். பந்து எல்லைக்கோட்டுக்கு ஓடும்போது புல் பச்சைக் களி மாதிரிக் கலைவதும் அவனுக்குத்தான் தெரியும். அந்தக் களிக்கு வரி எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. சாதாரண அலைவரிசைகளை இறுக்கி நெருக்கித்தான் அனுப்புகிறார்கள், வேகமாக அசைகிற படம்தான் அதில் முதலில் உடையும்.

ஆகவே, எச்.டி. என்பது உங்கள் வீட்டில் ஒரு ஆளுக்கான, அதுவும் மேட்ச் நடக்கும் நாட்களுக்கான செலவு. இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம்.

கம்பனி பேசுவது பொக்ஸைப் பற்றி. 7,500 என்ற தொகையைச் சொல்லி அதைச் சலுகை என்கிறார்கள். சலுகையாகவே இருக்கட்டும். ஆனால் உங்கள் காசு போகிற வாசல் அதுவல்ல. 2,199இலிருந்து 1,299ஐக் கழித்தால் 900. “வரி தனி” என்கிறார்கள் அல்லவா, 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அதை மட்டும் சேர்த்தாலே 1,062. வருடத்துக்கு 12,744. ஒரு பொக்ஸை மூன்று வருடம் பாவிப்பீர்கள் என்று வைத்தால் 38,232. பொக்ஸோடு சேர்த்து 45,732 ரூபாய். இதில் பொக்ஸின் பங்கு ஆறில் ஒன்று மாத்திரம். மீதி ஐந்து பங்கைப் பற்றி அந்த அழைப்பில் ஒரு வசனம்தான் வந்திருக்கும்.

அந்த 2,199 மூன்று வருடமும் அப்படியே நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். வெளிநாட்டு அலைவரிசைகளுக்கும் விளையாட்டு ஒளிபரப்புகளுக்கும் கம்பனிகள் வெளிநாட்டு நாணயத்தில்தான் கொடுக்கின்றன. 2022இல் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360க்கு ஏறியதை நாமெல்லோரும் சீனி, மா விலையில் பார்த்தோம். ரீவிப் பக்கேஜும் அதே கப்பலில்தான் வருகிறது.

தவணைக்குப் போகவே வேண்டாம். 750 படி 12 மாதம் என்றால் 9,000. 1,500 ரூபாய்தானே கூட, நூற்றுக்கு இருபதுதானே என்று தோன்றும். அப்படியல்ல. முதல் மாதமே கட்டத் தொடங்கிவிடுவதால் கடன் மாதாமாதம் குறைந்துகொண்டு போகிறது. வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக உங்கள் கையில் இருந்த கடன் நாலாயிரத்து முந்நூறு ரூபாயைத் தாண்டாது. அதற்கு 1,500 வட்டி என்றால் வருடத்துக்கு 35 வீதம். உங்கள் காப்புக்கு வங்கி எடுப்பது 18. அடகுக்கடன் வட்டியை விட இரட்டிப்பு வட்டியில் யாராவது ரீவிப் பெட்டி வாங்குவார்களா? வாங்குகிறார்கள். “மாதம் 750” என்ற சொல் காதுக்கு அவ்வளவு இனிமை.

காப்பைப் பற்றி நீங்கள் கடைசியில், ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. 65,000க்கு ஒன்றரை வீதம் என்றால் மாதம் 975 ரூபாய் வட்டி. எச்.டி.க்குக் கூடக் கட்டப்போகிற 1,062உம் இதுவும் ஏறத்தாழ ஒரே அளவு. வட்டியை மட்டும் கட்டி மீள மீளப் புதுப்பித்துக்கொண்டு போனால் காப்பு ஒருநாளும் கைக்கு வராது. அதே 1,062ஐயும் இந்த 975ஐயும் சேர்த்து மாதாமாதம் 2,037 ரூபாய் குறையாமல் கட்டினால், மூன்று வருட முடிவில் 65,000 கடன் 15,000க்குக் கிட்ட இறங்கிவிடும். பகுதிப் பணம் கட்டும்போது அடகுச் சீட்டில் முதல் தொகை குறைத்துப் பதியப்படுகிறதா என்று வங்கியில் கேட்டு, உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். பதியாமல் வட்டிக் கணக்கில் போட்டுவிட்டால் இந்தக் கணக்கு ஓடாது.

அதற்காக மகனை மேட்ச் பார்க்க விடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சாரதி வேலையும் தையலும் செய்து வாழ்கிற வீட்டில் ரீவி ஒன்றுதான் எல்லோரும் சேர்ந்து இருக்கிற இடம். வழி இருக்கிறது. கம்பனிக்கு அழைத்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “எச்.டி. பொக்ஸை நான் காசு கொடுத்து வாங்குகிறேன். அதில் என் பழைய 1,299 பக்கேஜையே போட்டுக்கொண்டு, வேண்டிய மாதத்துக்கு மட்டும் எச்.டி. பக்கேஜ் போடலாமா?” நீங்கள் முற்கொடுப்பனவு வாடிக்கையாளர், இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்குக் கொஞ்சம் பலம் இருக்கிறது. பிற்கொடுப்பனவுக்கு மாறச் சொன்னாலோ, ஒரு வருடமோ இரண்டு வருடமோ கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டினாலோ அப்போதே “யோசித்துச் சொல்கிறேன்” என்று வைத்துவிடுங்கள். பொக்ஸ் வேறு, பக்கேஜ் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் விற்பது அவர்கள் வசதிக்கு.

ஆம் என்றார்களானால் கணக்கு மாறிவிடும். வருடத்தில் பெரிய போட்டி நடக்கிற மூன்று மாதம் மட்டும் எச்.டி. போட்டால் 3,186 ரூபாய். மூன்று வருடத்துக்கு 9,558, பொக்ஸோடு 17,058. முழுதாக மாறினால் ஆகிற செலவை விட 28,674 ரூபாய் மிச்சம். அந்த 7,500ஐயும் அடகுக் காசிலோ சீட்டுக் காசிலோ கை வைக்காமல், தீபாவளித் தையல் வேலையில் வருகிற காசில் வாங்குங்கள். தீபாவளி வரை மகன் பாயைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுப் பார்க்கட்டும். உண்மையாகவே சொல்கிறேன், பத்தரை அடிக்குப் பின்னால் போனால் கலங்கல் பாதி மறைந்துவிடும்.

முடியாது என்றார்களானால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். “இந்த விலை இந்த மாதம் மட்டும்” என்று அவசரப்படுத்துவார்கள். ஒன்பது வருட வாடிக்கையாளரை இழக்க எந்தக் கம்பனிக்கும் விருப்பமிருக்காது, அடுத்த அழைப்பு வரும்.

இந்திய டிஷ்: மாட்டுபவர் நம்மூரில் நிறையப் பேர் என்பது எனக்கும் தெரியும். அந்தக் கம்பனிகளுக்கு அனுமதி இந்தியாவுக்குள் சேவை தரத்தான். இங்கே அட்டை நின்றுபோனால், ரீசார்ஜ் செய்தவர் காசோடு மறைந்தால், போய்க் கேட்க உங்களுக்கு ஓர் அலுவலகம் கிடையாது. இங்குள்ள கம்பனியோடு தகராறு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்காவது அழைக்கலாம். மலிவு என்ற கணக்கில் இந்த வித்தியாசத்தையும் மகன் சேர்க்கட்டும்.

டிஷ் பற்றி ஒன்று. எச்.டி.க்கு மாற அநேகமாகப் புது டிஷ் தேவையில்லை, இருக்கிற டிஷ்ஷே போதும். ஆனால் நம்மூர் உப்புக்காற்று ஒன்பது வருடத்தில் என்ன செய்திருக்கும் என்று கூரையில் ஏறிப் பார்க்க வேண்டும். தட்டை விட, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற தலைப் பகுதியும் கேபிள் முனையும்தான் முதலில் துருப்பிடிக்கும். முனையை வெட்டிப் புதிதாகப் போடுவது சின்ன வேலை. அதைச் செய்யாமல் “முழு டிஷ்ஷும் மாற்ற வேணும்” என்று யாராவது சொன்னால், ரிமோட்டில் சிக்னல் தரம் காட்டுகிற திரையைத் திறந்து, ஏன் என்று காட்டச் சொல்லுங்கள். ஆடி வெயிலில் நன்றாக இழுக்கிற டிஷ் கார்த்திகை, மார்கழி மழையில் படுத்துவிடும். டிஷ்ஷுக்கு வருகிற அலையைக் கனத்த மழை விழுங்குகிறது. பலவீனமான சிக்னலில் எச்.டி. அலைவரிசை சாதாரண அலைவரிசைக்கு முன்னரே உறைந்துபோவதும் உண்டு. வாடைக்காற்று மழைக் காலத்தில் எச்.டி.க்கு முழு மாதக் காசு கட்டுவதற்கு முன் இதையும் நினையுங்கள்.

இனி என் வெட்கக்கேடு ஒன்று. சில வருடங்களுக்கு முன் நானும் எச்.டி.க்கு மாறினேன். வந்த பொடியன் பொக்ஸை வைத்தான், கையெழுத்து வாங்கினான், போனான். ஏழு மாதம் எச்.டி. காசு கட்டினேன், “ஆகா, எவ்வளவு தெளிவு” என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். பிறகு மருமகன் வந்து ரீவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரிலேயே பொக்ஸ் மாட்டியிருந்தது. அந்த வயரில் எச்.டி. வரவே வராது. எச்.டி.எம்.ஐ. கேபிள் பொக்ஸ் வந்த பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது. நிதி ஆலோசனை எழுதுகிறவன் வீட்டுக் கதை இது.

ஆகவே பொக்ஸ் மாட்டுகிற அன்று மகனை வீட்டில் நிற்கச் சொல்லுங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள்தானா, பொக்ஸின் அமைப்பில் படம் 1080க்கு வைக்கப்பட்டிருக்கிறதா, எச்.டி. அலைவரிசைகள் தனி இலக்கத்தில் இருக்கின்றனவா என்று அவன் பார்க்கட்டும். ஒரே அலைவரிசை சாதாரணமாகவும் எச்.டி.யாகவும் இரண்டு இலக்கங்களில் வரும், பழக்கதோஷத்தில் பழைய இலக்கத்தையே அமுக்கிக்கொண்டிருப்போம். பொக்ஸுக்கும் வேலைக்கும் தனித்தனியாக எழுதிய பில்லை வாங்குங்கள், உத்தரவாதக் காலமும் அதில் இருக்கட்டும். முற்கொடுப்பனவு மீதிக் காசு புதுப் பொக்ஸுக்கு மாறியதா என்று அவர் போவதற்கு முன்னமே பாருங்கள். பழைய பொக்ஸைக் கொண்டுபோகக் கேட்டால், அது உங்களுடையதா கம்பனியுடையதா என்று ஒன்பது வருடத்துக்கு முந்தைய பற்றுச்சீட்டைத் தேடிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வைப்புப் பணம் கட்டியிருந்தால் அதைத் திருப்பிக் கேட்க இதுதான் சந்தர்ப்பம்.